நொச்சிக்குப்பத்துப் பட்டறையும் ஒரு பழந்துப்பாக்கியும்

நண்பன் ஒருவனுக்கு எளிதில் வாக்களித்துவிட்டு, பின்னர் அவ்வாக்கு ஈரச்சாக்குப் போல் முதுகில் கனப்பதை உணர்ந்த அனுபவம் இம்மலரைப் படிக்கும் அன்பர் பலர்க்கும் உண்டாயிருக்கும். சென்ற ஆண்டு யானும் அத்தகைய வாக்கொன்றைக் கொடுத்தேன். அதன் வரலாறே இக்கட்டுரை.

விடுதியில் என்னுடன் ஒரே அறையில் உறைபவன் ஏற்காட்டு மலையில் காப்பித் தோட்டம் உடைய குடும்பத்தைச் சார்ந்தவன். அவன் பாட்டனார் பட்டாளத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்; முறையான உரிமத்துடன் நீண்ட துப்பாக்கி ஒன்றை வைத்திருந்தார். அவர் காலமானபின் அத்துப்பாக்கி சட்டப்படி போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கப்பட்டது. பல மாதங்கள் அலைந்து, அவன் தந்தையார் தம் பெயரால் உரிமம் பெற்று அதனை மீட்டு வந்தார். தேர்தல் வருந்தோறும் அதனை மீண்டும் ஒப்படைப்பதும், தேர்தல் முடிந்தபின் எண்ணெய் வறண்ட நிலையில் திரும்பப் பெறுவதும் அவ்வீட்டில் ஒரு திருவிழாப் போல் நடைபெறுமாம்.

ஒருநாள் இரவு, விளக்கணைத்தபின், நண்பன் தன் மனக்குறையைக் கூறலாயினான். துப்பாக்கி மிக நீளமானது. காப்பிச் செடிகளுக்கிடையே நடக்குங்கால் கிளைகளில் சிக்குகிறது. ஜீப்பில் கிடத்தினால் கதவு மூடுவதில்லை. ஓர் எட்டு அங்குலம் குறைத்துவிட்டால் கைக்கு அடக்கமாய், காண்பதற்கும் அழகாய் இருக்கும் என்றான். அவன் கூறிய காரணங்களுள் இறுதியிற் கூறியதே முதற்காரணம் என்பது எனக்கு அப்பொழுதே தெரியும். சினிமாவிற் காணும் குறுந்துப்பாக்கிகளின் மேல் அவனுக்கு ஒரு மயக்கம்.

"உன் மாமாவுக்கு நொச்சிக்குப்பத்தில் லேத் பட்டறை இருக்கிறதன்றோ? இரும்புக் குழாய் அறுப்பது அவருக்கு ஒரு பொருட்டா? அரை மணி நேர வேலை. விடுமுறை முடிந்து வரும்போது கொண்டுவருகிறேன்" என்றான்.

"கேட்டுச் சொல்கிறேன்" என்றேன். அதனோடு நிறுத்தியிருக்கலாம். "மாமா என் சொல்லைத் தட்டமாட்டார்" என்றும் பெருமையாகச் சேர்த்துக்கொண்டேன்.

அடுத்த சனிக்கிழமை நொச்சிக்குப்பம் சென்றேன். மயிலாப்பூர்ப் பக்கத்திலிருந்து கடலை நோக்கி நடப்பவர்கள், கலங்கரை விளக்கத்துக்குத் தெற்கே, கடற்கரையை ஒட்டி வளைந்து செல்லும் சாலையில் இக்குப்பத்தைக் காண்பர். முன்னர்ச் சாலையோரத்திலேயே மீன் விற்ற மகளிர்க்காக 2024-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற மீன் அங்காடி ஒருபால். வாரியக் குடியிருப்புகள் ஒருபால். மணலில் வரிசையாய்க் கிடக்கும் பைபர் படகுகளும், வெயிலில் உலரும் வலைகளும் ஒருபால். தெற்கே பார்த்தால் சாந்தோம் தேவாலயத்தின் வெண்கோபுரம் தோன்றும். என் தாயார் பிறந்த ஊர் இது.

இவ்வூர்ப் பெயரைக் கேட்குந்தோறும் தமிழ் ஆனர்ஸ் மாணவனாகிய எனக்கு ஒன்று நினைவுக்கு வரும். நொச்சி என்பது வேலியோரத்தில் வளரும் நீலப்பூச் செடி. புறப்பொருள் வெண்பாமாலை, உழிஞை சூடி மதிலை வளைப்போர்க்கு எதிராக, உள்ளிருந்து மதிலைக் காப்போர் சூடும் பூ நொச்சி என்று கூறி, அதனைத் தனித் திணையாகவே வகுக்கிறது. தொல்காப்பியனாரோ அதனை உழிஞையுள் அடக்கினார். இக்குப்பத்துக்கு மதில் ஏதும் இல்லை. கிழக்கே கடல், மேற்கே நகரம். 2004-ஆம் ஆண்டு திசம்பர் 26-ஆம் நாள் கிழக்குப் பக்கம் உள்ளே வந்தது. மேற்குப் பக்கம் வந்த கதையைப் பின்னர்க் கூறுவேன்.

மாமாவின் பட்டறையில் படகு எஞ்சின்களைப் பழுதுபார்ப்பதே முதன்மையான தொழில். யான் சென்றபொழுது அவர் வளைந்துபோன காற்றாடித் தண்டு ஒன்றை லேத்தில் ஏற்றிச் சுழலவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நலம் விசாரித்து, தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். சந்தர்ப்பம் வாய்த்ததென்று எண்ணி, நண்பனுடைய விருப்பத்தை வெகு சாதாரணமாக எடுத்துரைத்தேன்.

அவர் எஞ்சின் சுழற்சியை நிறுத்தினார். கையிலிருந்த எண்ணெயைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"யார் துப்பாக்கிடா அது?"

கூறினேன்.

"பேப்பர் இருக்குதா?"

"இருக்கிறது மாமா. அவருடைய தந்தையார் பெயரில் உரிமம் இருக்கிறது."

"வச்சிக்கிறதுக்குத்தானே அந்தப் பேப்பர்? அறுக்கிறதுக்கும் அதுலே எழுதியிருக்குதா?"

யான் விடையறியாது நின்றேன். அவ்வமயம் வாயிற்படியில் மீன்கூடையை இறக்கிய என் ஆயா, "எந்தத் துப்பாக்கிடா? எவன் வீட்டுத் துப்பாக்கி இங்கே வருது?" என்று வினவினார். மாமா ஒன்றுமில்லையென்று சொல்லியும் அவர் அசையவில்லை.

1985-ஆம் ஆண்டில், மெரீனாக் கடற்கரையை அழகுபடுத்துதற்பொருட்டுக் கட்டுமரங்களையும் வலைகளையும் அப்புறப்படுத்த அரசினர் முயன்றபொழுது, கடற்கரைக் குப்பத்து மக்கள் எதிர்த்து நின்றனர். போலீசார் சுட்டனர், மீனவர் சிலர் மாண்டனர். யான் மேற்குப் பக்கம் என்றது இதனையே. இச்செய்தியை யான் முன்பே அறிவேன். ஆனால் ஆயாவின் வாயால் ஒருநாளும் கேட்டதில்லை. அன்றும் அவர் மிகுதியாய்ச் சொல்லவில்லை. அன்றைக்குக் கைக்குழந்தையாயிருந்த என் மாமாவை இடுப்பில் வைத்துக்கொண்டு சாந்தோம் பக்கமாக ஓடியதையும், ஓடும்போது ஒரு காற்செருப்பு மணலிற் புதைந்துபோனதையும் மட்டுமே சொன்னார். பிறகு, "இவனைத் தூக்கிக்கிட்டு ஓடினது இவன் பட்டறையிலே அது வந்து படுக்கிறதுக்கா?" என்றார். கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மாமா என்னிடம், "நீ படிக்கிற பிள்ளை. சட்டத்திலே என்ன போட்டிருக்குதுன்னு படிச்சிட்டு வா. அப்புறம் பேசலாம்" என்றார். அவர் மறுத்துவிட்டார் என்பது தெளிவு. ஆயினும் அம்மறுப்பை என் வாயாலேயே வரச்செய்ய விரும்பினார் போலும்.

திங்கட்கிழமை மாலை நம் கல்லூரி நூலகத்தில் ஆயுதச் சட்டத்தைத் தேடி எடுத்தேன். சட்ட நூல்களை நான் அதற்குமுன் தொட்டதில்லை. இலக்கண நூற்பாவுக்கு உரை காண்பது போல் ஒவ்வொரு சொல்லாய்ப் பிரித்துப் படித்தேன். 1959-ஆம் ஆண்டில் இயற்றப்பெற்று 1962-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. அதன் 6-ஆம் பிரிவு மிகச் சிறியது. அதற்கெனத் தனி உரிமம் பெற்றாலன்றி, எவரும் ஒரு துப்பாக்கியின் குழலைக் குறுக்கலாகாது. போலித் துப்பாக்கியை மெய்த்துப்பாக்கியாக மாற்றவும் ஆகாது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், ஒரு வகைத் துப்பாக்கியை மற்றொரு வகையாக மாற்றுவதையும் இவற்றோடு சேர்த்தது.

மாமா எழுத்தறிவு மிகுந்தவரல்லர். ஆனால் அவர் கேட்ட கேள்வி இப்பிரிவின் நடுவிலே சென்று தைத்தது. வைத்திருக்கும் உரிமம் வேறு. குறுக்கும் உரிமம் வேறு. முன்னது இருப்பின் பின்னதும் இருப்பதாக நானும் என் நண்பனும் கருதியது, நிலத்துக்குப் பட்டா இருப்பதால் அந்நிலத்தில் ஓடும் ஆற்றையும் விற்கலாம் என்று கருதியதனை ஒக்கும்.

எவ்வளவு குறுக்கினால் குற்றம் என்று தேடினேன். அப்பிரிவில் அளவே இல்லை. பிறநாட்டுச் சட்டங்கள் அங்குலத்தை எண்ணுகின்றன. இங்கிலாந்தின் 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தில், ஷாட்கன் எனப்படும் சிதறுகுண்டுத் துப்பாக்கியின் குழலை 24 அங்குலத்துக்குக் கீழே குறைத்தல் குற்றம். அமெரிக்காவில், 1934-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி வந்த விதியின்படி, 16 அங்குலத்துக்குக் குறைந்த குழலுடைய ரைபிளைப் பதிவின்றி வைத்திருத்தல் குற்றம். நம் நாட்டுச் சட்டமும் அங்குலத்தை அறியாததன்று. பாதுகாப்புக்கோ வேட்டை விளையாட்டுக்கோ கேட்கும் உரிமத்தைப் பற்றிய 13-ஆம் பிரிவில், உட்குழல் வழவழப்பான துப்பாக்கிக்கு 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் வேண்டும் என்ற அளவு காணப்படுகிறது. குறுக்கும் செயலைப் பற்றிய பிரிவில் மட்டும் அளவு கூறவில்லை. எட்டு அங்குலமும் குறுக்கலே. அரை அங்குலமும் குறுக்கலே.

அடுத்து 25-ஆம் பிரிவுக்கு வந்தேன். 6-ஆம் பிரிவை மீறிக் குழலைக் குறுக்குவோர்க்கு அங்கே தண்டனை கூறப்பட்டிருந்தது. முன்னர் 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறை என்றிருந்ததை, 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் 7 ஆண்டுக்குக் குறையாமல் ஆயுள் வரை நீளக்கூடிய சிறை என்று மாற்றியிருக்கிறது. குழலைக் 'குறுக்குபவர்' என்பதே சட்டத்தின் சொல். துப்பாக்கிக்கு உடையவர் தப்பிவிடுவார் என்று நான் கூறவில்லை. அவரையும் சட்டம் வேறு வழிகளிற் பற்றும். ஆயினும் அச்சொல்லைப் படித்தவுடன் என் கண்முன் நின்றவர் ஏற்காட்டுத் தோட்டத்து முதலாளியல்லர். எண்ணெய்த் துணியும் கையுமாய் நின்ற என் மாமாவே. அரை மணி நேர வேலை. கூலி முந்நூறோ நானூறோ ரூபாய் இருக்கலாம். அதற்கு ஈடாக 7 ஆண்டு. நூலகத்து மின்விசிறியின் கீழ் எனக்கு வியர்த்தது.

இவ்வளவும் அறிந்தபின் விட்டுவிட்டிருக்கலாம். எனினும் நண்பனிடம் சட்டத்தை மட்டும் சொன்னால் நகைப்பான் என்று தோன்றியது. ஆதலின், நம் கல்லூரித் தேசிய மாணவர் படைக்குப் பயிற்சியளிக்க வரும் ஹவில்தார் ஐயாவிடம், அணிவகுப்பு முடிந்ததும் இதுபற்றிக் கேட்டேன். நண்பன் என் கைபேசிக்கு அனுப்பியிருந்த துப்பாக்கியின் படத்தையும் காட்டினேன்.

அவர் படத்தைப் பார்த்ததும் சிரித்தார். "இது பட்டாளத்துத் துப்பாக்கி அன்று, தம்பி, அதன் தங்கை" என்றார். பட்டாளத்தில் வழங்கியது .303. அவ்வகைத் துப்பாக்கியை நம் நாட்டு விதிகள் பொதுமக்கள் எளிதிற் பெறும் வரிசையில் வைக்கவில்லை. பட்டாளத்துத் தோட்டாவைச் சுடவல்ல எந்தத் துப்பாக்கிக்கும் அவ்விலக்கு உண்டு. அதனால் பட்டாளத்துத் துப்பாக்கியின் அமைப்பிலேயே, .315 என்னும் வேறு தோட்டாவுக்கென அரசாங்கத் தொழிற்சாலைகளில் வேட்டைத் துப்பாக்கிகள் செய்யப்பட்டன. நண்பன் வீட்டில் இருப்பது அத்தகையதே. பாட்டனார் பட்டாளத்தினர் என்பதால் துப்பாக்கியும் பட்டாளத்தினின்று வந்ததென்று அவ்வீட்டார் நம்பிவிட்டனர்.

பின்னர் அவர் கூறிய செய்தியே எனக்கு வியப்பை விளைத்தது. நாங்கள் அணிவகுப்பில் தோளிற் சார்த்தும் .303 துப்பாக்கியே ஒரு குறுக்கப்பட்ட துப்பாக்கியாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் காலாட்படை ஏந்திய லீ என்பீல்டு துப்பாக்கியின் குழல் 30 அங்குலத்துக்குச் சற்று மேற்பட்டது. குதிரைப்படைக்கோ தனியே ஒரு குறுந்துப்பாக்கி இருந்தது. தென்னாப்பிரிக்காவில் 1899 முதல் 1902 வரை போயர்களோடு நடந்த போரில் அடிபட்டபின், இருபடைக்கும் பொதுவாக ஒன்றே போதும் என்று முடிவு செய்து, குழலை ஐந்து அங்குலம் குறைத்து 25 அங்குலத்தளவாகச் செய்தனர். 'குறுகிய' என்னும் அடைமொழி அதன் பெயரிலேயே உண்டு. அக்காலத்துக் குறிபார்ப்போர் பலர், 'இனி இது தூரத்தில் குறி தவறும்' என்று முறையிட்டனராம். அம்முறையீட்டுக்குப்பின் அத்துப்பாக்கியே இரண்டு உலகப்போர்களிலும் வழங்கிற்று. வங்காளத்து இஷாப்பூரிலும் இலட்சக்கணக்கிற் செய்யப்பட்டது. உத்தரப்பிரதேசப் போலீசார் அதற்கு விடைகொடுத்தது 2020-ஆம் ஆண்டுக் குடியரசு நாளன்றுதான்.

"அப்படியானால் எட்டு அங்குலம் குறைப்பதில் தவறென்ன, ஐயா?" என்றேன்.

"அதையும் செய்து பார்த்தார்கள்" என்றார். 1944-ஆம் ஆண்டில், காட்டுப்போருக்கென்று குழலை ஏறத்தாழ 19 அங்குலமாகக் குறைத்து ஒரு துப்பாக்கி வெளியிட்டனர். ஏந்துதற்கு இலேசானது. ஆனால் குழல் குறைந்தால் தோட்டாவின் மருந்து முழுவதும் உள்ளேயே எரிந்து தீராது. மிச்சம் வாயில் தீச்சுடராய்க் கக்கும். அதனை மறைக்க நுனியில் ஒரு கூம்பு வைத்தனர். எடை குறைந்தமையால் தோளில் உதை மிகுந்தது. அதனைத் தாங்க அடிக்கட்டையில் இரப்பர் வைத்தனர். அத்தனைக்கும் மேலே, இன்று சரி செய்த குறி நாளை விலகுகிறது என்ற பழி அதன்மேல் நின்றது. சில ஆண்டுகளில் செய்வதையே நிறுத்திவிட்டனர். பெரிய தொழிற்சாலையும், அளவுகோல்களும், நூற்றுக்கணக்கான சோதனைகளும் உடைய அரசாங்கத்துக்கே இந்நிலை.

பின்பு எங்கள் அணிவகுப்புத் துப்பாக்கி ஒன்றை மடியில் கிடத்தி, விரலால் தொட்டுத் தொட்டு விளக்கினார். குறி பார்க்கும் முள் குழலின் நுனியில் இருக்கிறது. குழலை வெட்டினால் முள்ளும் போகும். முள்ளுக்கும் பின்னுள்ள குறித்தகட்டுக்கும் இடைத்தூரம் குறைந்தால் கண்ணின் சிறு பிழையும் பெரும்பிழையாகும். குண்டு குழலை விட்டு நீங்கும் கடைசி விளிம்பு எப்பக்கமும் ஒத்திருத்தல் வேண்டும். ஒருபால் மயிரளவு பிசிறினும் பின்னாலிருந்து உந்தும் புகை அவ்வழியே முந்தி வெளிப்பட்டுக் குண்டைச் சாய்த்துவிடும். குழலைச் சுற்றியுள்ள மரம் அழகுக்காக அன்று. சுடும்பொழுது குழல் வீணைத் தந்தியைப் போல் அதிர்கின்றது, அவ்வதிர்வை ஒரே சீராய் வைப்பது அம்மரம். வெட்டுபவன் வெட்டுவது வெறுங்குழாய் அன்று. பழந்துப்பாக்கியாயின் உட்புறம் துருவேறி அரித்திருக்கவும் கூடும். வெளியே பார்த்து அறிய இயலாது. "லேத் நன்றாக ஓட்டுபவர்க்கு இது தெரியும். அதனால்தான் உன் மாமா தொடவில்லை" என்று முடித்தார். மாமா தொடாமைக்கு வேறு காரணமும் உண்டு என்பதை நான் அவரிடம் கூறவில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. துப்பாக்கியின் உருவத்தை மாற்றும் உரிமை யாரிடம் இருந்து வந்திருக்கிறது என்று எண்ணிக்கொண்டே கிடந்தேன். 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின், ஆங்கிலேயர் இந்தியச் சிப்பாய்களுக்குக் கொடுத்த என்பீல்டு துப்பாக்கிகளில், குண்டைச் சுழற்றி நெடுந்தூரம் செலுத்தும் திருகுப் பள்ளங்களை நீக்கி, உட்புறத்தை வழவழப்பாகச் செய்தே கொடுத்தனர். வெளித்தோற்றம் ஒன்றே, எட்டும் தூரம் வேறு. 1878-ஆம் ஆண்டில் லிட்டன் பிரபு காலத்து ஆயுதச் சட்டம், இந்தியரை உரிமத்துக்குக் கைகட்டி நிற்கச் செய்து, ஐரோப்பியர்க்கு விலக்களித்தது. அதற்குப் பின்னும், .303 துப்பாக்கிகளைக் குடைந்து .410 என்னும் வழவழப்பான மஸ்கட்டாக மாற்றி நம் நாட்டுப் போலீசாருக்கும் சிறைக்காவலருக்கும் வழங்கினர். ஏந்துபவன் கையிலிருந்து அது பறிபோனாலும் பட்டாளத் தோட்டாவை அதில் இட்டுச் சுடலாகாது என்பது கருத்து. ஆளுவோர் துப்பாக்கியை எத்தனை முறை வேண்டுமாயினும் வெட்டலாம், குடையலாம், நீட்டலாம். இது நியாயமோ என்று என் இளமை வினவிற்று. ஆனால் அவ்வினாவுக்கு எதிரே ஆயாவின் ஒற்றைச் செருப்பு வந்து நின்றது. அரசாங்கத்தின் துப்பாக்கிக்கு முன் ஓடிய அவர், 'எங்களிடமும் ஒன்று இருக்கட்டும்' என்று சொல்லவில்லை. 'எதுவும் இங்கே வரலாகாது' என்றே சொன்னார். எனக்கு இன்றும் இதில் முழுத் தெளிவு உண்டாகவில்லை. ஆயாவின் பக்கமே நிற்கிறேன்.

மறுநாள் நண்பனிடம் அனைத்தையும் கூறினேன். துப்பாக்கி பட்டாளத்தது அன்று என்ற செய்திதான் அவனை மிகவும் வருத்தியது, சட்டம் வருத்தவில்லை. "யாருக்குத் தெரியப்போகிறது? யார் வெட்டியது என்று யார் கேட்பார்கள்?" என்றான்.

"அடுத்த தேர்தலுக்கு ஒப்படைக்கும்போது போலீசார் கேட்பர். உரிமத்தில் எழுதிய துப்பாக்கியும் கொண்டுவந்த துப்பாக்கியும் வேறு வேறாய் இருக்கும். அப்பொழுது உன் தந்தையார் என்ன விடை கூறுவார்?" என்றேன்.

அவன் சற்று நேரம் பேசாதிருந்து, "நொச்சிக்குப்பத்தில் ஒருவர் செய்தார் என்பார்" என்றான்.

அவன் அதனைத் தீய எண்ணத்தோடு கூறவில்லை. உண்மையை நினைத்துப் பார்த்தபோது அவ்விடை தானே வந்துவிட்டது. சொன்னபின் தன் சொல் தனக்கே கேட்டது போல் முகம் சிவந்தான். அவ்வாரம் முழுவதும் நாங்கள் இருவரும் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. ஒரே அறையில் உறைவோர் பேசாதிருப்பது எவ்வளவு கடினம் என்பதை விடுதியில் வாழ்ந்தோர் அறிவர்.

பின்னர் அவனே ஒருநாள் தந்தையாருக்குத் தொலைபேசியிற் பேசி, நீளம் ஒவ்வாதாயின் உரிமம் பெற்ற வணிகரிடம் முறைப்படி விற்றுவிடலாமே என்று சொல்லியிருக்கிறான். தந்தையார் மறுத்துவிட்டார். "அது உன் தாத்தாவின் நீளம், இருந்துவிட்டுப் போகட்டும்" என்றாராம். ஜீப்பின் கதவு இன்னும் சரியாக மூடுவதில்லை என்று கேள்வி.

மீண்டும் யான் நொச்சிக்குப்பம் சென்றபொழுது, மாமா வேறொரு தண்டை லேத்தில் ஏற்றியிருந்தார். "படிச்சியா?" என்றார்.

"படித்தேன், மாமா. ஏழு ஆண்டு."

"எனக்கா, அவனுக்கா?"

"அறுப்பவர்க்கு."

அவர் தலையசைத்துவிட்டு, தண்டின் மறுமுனையைப் பிடித்துக்கொள்ளும்படி என்னிடம் சொன்னார். படகுக்காரர் கொடுத்த பழைய தண்டை அருகில் வைத்து, அளவுகோலால் ஒருமுறை அளந்தார், சாக்பீசால் கோடிட்டார், மறுபடியும் அளந்தார். ஆயா உள்ளிருந்து, "என்னடா அறுக்கிறே?" என்று குரல் கொடுத்தார்.

"போட்டுத் தண்டும்மா" என்றார் மாமா. ஆயா வெளியே வந்து பார்த்துவிட்டே உள்ளே போனார்.